அப்பிங்டனில் பெட்டி, டர்பனில் நாம்: எஸ்டி கார்டில் யார் எழுதுகிறார்கள் என்று தொலைவிலிருந்து பார்ப்பது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சோலார் பம்ப், குளிர்பதன அறை, தண்ணீர் மீட்டர் என்று எதற்காவது சின்ன லினக்ஸ் பெட்டி பொருத்திக் கொடுக்கும் தமிழ் ஆட்கள் தென்னாப்பிரிக்காவில் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு, கோவை, சென்னையிலிருந்து மிட்ராண்ட், செஞ்சூரியன் பக்கம் வேலைக்கு வந்தவர்களும் உண்டு. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் வரும் புலம்பல் ஒன்றுதான்: "கார்டு போயிடுச்சு, பக்கியை (பிக்அப் வண்டியை) எடுத்துட்டுக் கிளம்பணும்." நார்தர்ன் கேப் மாகாணத்தின் அப்பிங்டன் டர்பனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்ப் புதுக் கார்டு போட்டாலும், ஓயாமல் எழுதி எழுதிப் பழைய கார்டைத் தின்ற புரோகிராம் அங்கேயேதான் ஓடிக்கொண்டிருக்கும்.

கிளம்பும் முன் உட்கார்ந்த இடத்திலிருந்தே என்ன பார்க்கலாம் என்று திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கட்டளைகளைப் பெயரால் சொல்லியிருக்கிறேன். ஆப்ஷன் என்று சொல்லும் இடமெல்லாம் ஒரு சிறு கோடும் ஒரு சின்ன எழுத்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாக்ட்ரேஸ்னா என்ன? அயோஸ்டாட் பார்த்தா போதாதா அண்ணா?

முதலில் அயோஸ்டாட்தான் பார்க்க வேண்டும். அது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்கெனவே வைத்திருக்கும் படிப்பு, எழுத்துக் கூட்டல் கணக்கைப் படிக்கிறது, பெட்டிக்குச் சுமையே இல்லை. அது இல்லாவிட்டால் ப்ராக் அடைவில் உள்ள டிஸ்க்ஸ்டாட்ஸ் கோப்பைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை படித்துக் கழித்துப் பாருங்கள். அதில் செக்டர் என்றால் எப்போதும் 512 பைட். ஒரு நாளில் எத்தனை எம்பி எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். எண் சின்னதாக இருந்தால் இந்தப் பக்கத்தில் மீதியை நீங்கள் படிக்கவே வேண்டாம், கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

எண் பெரிதாக இருந்தால்தான் பிளாக்ட்ரேஸ். கார்டு, டிஸ்க் போன்றவற்றுக்குக் கோரிக்கைகளை அனுப்பும் லினக்ஸின் பிளாக் அடுக்கைப் பராமரிக்கும் ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது. 2006-இல் வந்த 2.6.17 கர்னலிலிருந்து அதற்கான ஆதரவு உள்ளே இருக்கிறது. சாதனத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையையும், அது எப்போது வந்தது, எப்போது கார்டுக்கு அனுப்பப்பட்டது, எப்போது முடிந்தது, எந்த செக்டர், எந்தப் புரோகிராம் என்று தனித்தனியாகப் பதிவு செய்யும். கட்டளையைத் தட்டும்போது "பிளாக்" என்பதற்குப் பி, எல், கே என்ற மூன்று எழுத்துதான்.

எதுக்கு நெட்வொர்க்ல அனுப்பணும்? பெட்டியிலேயே ஒரு ஃபைல்ல எழுதிட்டு அப்புறம் எடுத்துக்கலாமே?

எந்தக் கார்டைக் கவனிக்கிறோமோ அதே கார்டில் பதிவை எழுதினால், பதிவை எழுதுவதும் பதிவாகும். அந்தப் பதிவை எழுதுவதும் பதிவாகும். கார்டு ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் பெட்டியில் இதைச் செய்தால் பார்க்க வந்த படமே கலங்கிவிடும்.

ரேமில் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ் அடைவில் எழுதலாம், சில நிமிடப் பதிவுக்கு அது சரி. அதற்கு மேல் வேண்டுமென்றால் வெளியே அனுப்புவதே வழி. பிளாக்ட்ரேஸை எழுதியவர்கள் இதை முன்பே யோசித்துக் கிளையண்ட், சர்வர் இரண்டையும் அந்த ஒரே புரோகிராமுக்குள் வைத்துவிட்டார்கள். பெட்டி கர்னலிலிருந்து எடுத்து நேராக வலையில் தள்ளும். பிரித்துப் படிக்கும் கனமான வேலை உங்கள் லேப்டாப்பில் நடக்கும்.

எங்க போர்டுல இது ஓடுமா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சிஸ் அடைவுக்குள் பிளாக், அதற்குள் உங்கள் கார்டின் பெயர் (பெரும்பாலும் எம்எம்சிபிஎல்கே0). அதற்குள் "ட்ரேஸ்" என்று ஒரு அடைவு இருந்தால் கர்னல் தயார். இல்லையென்றால் கர்னலில் பிளாக் ஐஓ ட்ரேஸ் விருப்பத்தை இயக்கித் திரும்பக் கட்ட வேண்டும். பொருத்திய பெட்டிக்குத் தொலைவிலிருந்து கர்னல் மாற்றுவது என் ரத்த அழுத்தத்துக்கு ஒத்துக்கொள்ளாத வேலை. அதனால் புதிதாக அனுப்பும் பெட்டிகளிலாவது இதை இயக்கியே அனுப்புங்கள், ட்ரேஸ் ஓடாதபோது அதற்கு விலை ஏறக்குறைய இல்லை.

கர்னலின் டீபக்எஃப்எஸ் கோப்பமைப்பு மவுன்ட் ஆகியிருக்க வேண்டும், ரூட் அனுமதி வேண்டும். சின்னப் பெட்டிகளின் கட்டளைத் தொகுப்பான பிஸிபாக்ஸில் பிளாக்ட்ரேஸ் கிடையாது. பெட்டிக்கான லினக்ஸைக் கட்டித் தரும் பில்ட்ரூட், யோக்டோ இரண்டிலும் தனிப் பொதியாக இருக்கிறது, ராஸ்பெரி பை என்றால் வழக்கமான ஆப்ட் போதும்.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? ரெண்டு பக்கமும் என்ன ஓட்டணும்?

உங்கள் பக்கத்தில் பிளாக்ட்ரேஸை எல் ஆப்ஷனோடு ஓட்டுங்கள், அது காத்திருக்கும். பெட்டியில் டி ஆப்ஷனுக்கு கார்டின் பெயர், ஹெச் ஆப்ஷனுக்கு உங்கள் கணினியின் முகவரி. இயல்பான போர்ட் 8462, மாற்ற வேண்டுமானால் பி ஆப்ஷன். டபிள்யூ ஆப்ஷனில் விநாடிகளைக் கொடுத்துவிடுங்கள், நேரம் ஆனதும் தானே நிற்கும். யாரோ நிறுத்துவார்கள் என்று நம்பித் திறந்துவிட்ட ட்ரேஸ் மறுநாள் வரை ஓடும்.

முடிந்ததும் உங்கள் பக்கத்தில் பெட்டியின் முகவரியும் நேரமும் சேர்ந்த பெயரில் ஒரு அடைவு இருக்கும். உள்ளே ஒவ்வொரு சிபியு கோருக்கும் ஒரு கோப்பு. பதிவைப் பிரித்துப் படிக்கும் பிளாக்பார்ஸ் கருவிக்கு ஐ ஆப்ஷனில் கார்டின் பெயரை மட்டும் கொடுத்தால் அது எல்லாவற்றையும் நேர வரிசையில் கோத்துக் காட்டும்.

நம்ம பெட்டி சிம் கார்டுக்குப் பின்னால இருக்கு. வெளியிலிருந்து அதைப் பிடிக்கவே முடியாதே?

இங்கே அது பிரச்சினை இல்லை. கிளையண்ட் பெட்டிதான், அதுவே வெளியே கூப்பிடுகிறது. மொபைல் நிறுவனத்தின் பொது முகவரிக்குப் பின்னால் நூறு பெட்டிகள் ஒளிந்திருந்தாலும் பரவாயில்லை. உங்கள் சர்வரை அது எட்டினால் போதும்.

ஆனால் இந்த இணைப்பில் குறியாக்கம் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது. 8462-ஐ வெறும் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வயர்கார்ட் விபிஎன் போட்டு அதன் உள்முகவரியைக் கொடுங்கள். எஸ்எஸ்ஹெச் ஏற்கெனவே இருந்தால் இன்னொரு வழி: பெட்டியில் பிளாக்ட்ரேஸின் ஓ ஆப்ஷனுக்கு ஒரு சிறு கோட்டை மட்டும் கொடுத்தால் பதிவு நேராக வெளியே கொட்டும். அதை எஸ்எஸ்ஹெச் வழியாக இழுத்து இந்தப் பக்கம் பிளாக்பார்ஸுக்குப் பைப் போட்டுவிடலாம். உடனுக்குடன் திரையில் ஓடும். ஒரே ஒரு பெட்டி, பத்து நிமிட வேலை என்றால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

டேட்டா எவ்வளவு போகும்? பண்டில் தீர்ந்துடுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிகழ்வுப் பதிவு 48 பைட். ஒரு எழுத்துக் கோரிக்கை வரிசையில் சேர்வது, இடம் பிடிப்பது, அனுப்பப்படுவது, முடிவது என்று ஏழெட்டு நிகழ்வுகளை உண்டாக்கும். விநாடிக்கு 20 கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் 8 நிகழ்வு என்றால் 7,680 பைட். மணிக்கு 27 எம்பிக்குக் கொஞ்சம் மேல். ஒரு நாள் முழுக்க ஓட்டினால் இந்த ஊர் டேட்டா விலைக்கு முதலாளி கேள்வி கேட்பார்.

ஏ ஆப்ஷனில் வடிகட்டலாம். "இஷ்யூ", "கம்ப்ளீட்" இரண்டை மட்டும் கேட்டால் அதே சுமைக்கு மணிக்கு ஏறத்தாழ 7 எம்பி. கார்டு மெதுவா என்று பார்க்க அது போதும். யார் எழுதுகிறார்கள் என்று பார்க்க "க்யூ" நிகழ்வும் வேண்டும். நாள் முழுக்க ஓட்டுவதைவிட, வேறு வேறு நேரத்தில் பத்துப் பத்து நிமிடமாக எடுப்பதே நல்லது. நள்ளிரவு லாக் சுழற்சி நேரத்தில் ஒன்று கட்டாயம் எடுங்கள்.

மொத்த ரேமே 64 எம்பி. இது தாங்குமா?

இயல்பு அமைப்பில் இடைக்கிடங்கு (பஃபர்) ஒவ்வொன்றும் 512 கேபி, ஒரு கோருக்கு நான்கு. அதாவது கோருக்கு 2 எம்பி, நான்கு கோர் இருந்தால் 8 எம்பி. 64 எம்பி பெட்டியில் அது அதிகம். பி ஆப்ஷனில் 64, என் ஆப்ஷனில் 2 என்று குறைத்தால் கோருக்கு 128 கேபியில் முடிந்துவிடும். போர்ட்டுக்கும் இடைக்கிடங்குக்கும் அதே பி எழுத்தா என்று குழம்ப வேண்டாம், ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு எழுத்துகள்: போர்ட்டுக்கு "போர்ட்" என்பதன் முதல் எழுத்து, இதற்கு "பஃபர்" என்பதன் முதல் எழுத்து.

குறைத்தால் லிங்க் தடுமாறும்போது கிடங்கு நிரம்பி நிகழ்வுகள் விழுந்துபோகும். முடிவில் "டிராப்டு ஈவென்ட்ஸ்" என்று எச்சரிக்கை வரும். அந்த வரி வந்த பதிவை வைத்து மொத்தக் கணக்கு போடாதீர்கள். வடிகட்டியை இறுக்கித் திரும்ப எடுங்கள்.

வர்ற வரிகளைப் பார்த்தா தலை சுத்துது. எதைப் பார்க்கணும்?

ஒவ்வொரு வரியிலும் சாதன எண், கோர், வரிசை எண், நேரம், புரோகிராம் எண், நிகழ்வு எழுத்து, வகை எழுத்துகள், செக்டர், நீளம், கடைசியில் புரோகிராம் பெயர். நிகழ்வு எழுத்தில் ஆரம்பத்துக்கு மூன்று போதும். கியூ என்றால் கோரிக்கை வந்து சேர்ந்தது. டி என்றால் கார்டுக்குப் போனது. சி என்றால் கார்டு முடித்துவிட்டது. எம் வந்தால் பக்கத்துக் கோரிக்கையோடு சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம், அது நல்ல சகுனம்.

வகை எழுத்துகளில் டபிள்யூ எழுதுவது, ஆர் படிப்பது, எஸ் என்றால் உடனே முடிய வேண்டிய கோரிக்கை, எஃப் என்றால் ஃப்ளஷ், எம் என்றால் கோப்பமைப்பின் சொந்தக் கணக்குவழக்கு. (இந்த எம் வேறு, மேலே சொன்ன எம் வேறு. யார் செய்த ஏற்பாடோ!)

டிக்கும் சிக்கும் இடையில் உள்ள நேரம் கார்டின் பொறுப்பு. கார்டு உள்ளுக்குள் பழைய பகுதிகளை அழித்து ஒழுங்கு செய்யும்போது ஒரே ஒரு எழுத்துக்கு நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் ஆகலாம். கியூவுக்கும் டிக்கும் இடையில் நேரம் போனால் கார்டைத் திட்டிப் பயனில்லை, மேலே வரிசை நீண்டிருக்கிறது. இதையெல்லாம் கையால் கழிக்க வேண்டாம். பிளாக்பார்ஸின் டி ஆப்ஷனில் ஒரே கோப்பாக எடுத்து பிடிடி என்ற கருவிக்குக் கொடுத்தால் அதுவே சராசரி, குறைந்தது, அதிகபட்சம் போட்டுத் தரும். வடிகட்டி இரண்டு நிகழ்வு மட்டும் எடுத்திருந்தால் கார்டின் நேரம் மட்டும்தான் கிடைக்கும்.

எல்லா வரியிலும் கேவொர்க்கர், ஜேபிடி2ன்னு வருது. இவங்க யாரு? நம்ம புரோகிராம் பேரே காணோம்?

குழுவில் அதிகம் வரும் கேள்வி இதுதான். இரண்டும் கர்னலின் வேலையாட்கள். உங்கள் புரோகிராம் எழுதும்போது அது ரேமில் உள்ள பேஜ் கேஷில்தான் விழுகிறது. கர்னல் 5 விநாடிக்கு ஒரு முறை எழுந்து, 30 விநாடிக்கு மேல் கிடக்கும் அழுக்குப் பக்கங்களைக் கேவொர்க்கர் கையில் கொடுத்து அனுப்புகிறது. ஜேபிடி2 என்பது எக்ஸ்ட்4 கோப்பமைப்பின் ஜர்னலை (மாற்றங்களின் முன்பதிவை) எழுதும் ஆள், அதுவும் இயல்பாக 5 விநாடிக்கு ஒரு முறை. பிளாக் அடுக்கு இவர்களை மட்டும்தான் பார்க்கிறது. கூரியர்காரன் பெயர்தான் கையெழுத்தில் இருக்கும், பார்சல் அனுப்பியவன் பெயர் இருக்காது.

ஆனால் ஒரு நல்ல தடயம் உண்டு. எஸ் எழுத்தோடு உங்கள் புரோகிராம் பெயரே நேராக வந்தால் அது எஃப்சிங்க் (உடனே கார்டில் எழுது என்ற அழைப்பு) போடுகிறது, அல்லது கேஷைத் தாண்டி எழுதுகிறது. சின்னப் பெட்டிகளில் கார்டைத் தின்பது பெரும்பாலும் இதுதான். விநாடிக்கு ஒரு வாசிப்பை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் தனித்தனியாகச் சேர்க்கும் லாகரைப் பாருங்கள்: நூறு பைட் தகவலுக்கு ஜர்னல் கோப்பு, தரவுக் கோப்பு, எக்ஸ்ட்4 ஜர்னல், ஃப்ளஷ் என்று பல தடவை கார்டைத் தட்டும். நிமிடத்துக்கு ஒரு பரிவர்த்தனையாகக் கட்டினாலே பாதி நோய் போய்விடும். எஸ்க்யூலைட்டை வால் (மாற்றங்களை முதலில் தனி லாகில் எழுதும்) முறைக்கு மாற்றி சிங்க்ரோனஸ் அமைப்பை நார்மல் என்று வைத்தால் இன்னும் குறையும். கரண்ட் போனால் கடைசிச் சில வாசிப்புகள் போகலாம், தரவுத்தளம் உடையாது.

பெயர் நேராக வராதபோது ப்ராக் அடைவில் ஒவ்வொரு புரோகிராமின் எண்ணுக்குள்ளும் ஐஓ என்று ஒரு கோப்பு இருக்கிறது (கர்னலில் அந்தக் கணக்கு இயக்கப்பட்டிருந்தால்). அதில் ரைட்_பைட்ஸ் வரியை இரண்டு தடவை பார்த்துக் கழியுங்கள். அது பக்கத்தை அழுக்காக்கியவர் பெயரில் எண்ணப்படுகிறது, கேவொர்க்கர் பெயரில் அல்ல. எஃப்ஏட்ரேஸ் கருவி எந்தக் கோப்பைத் தொட்டார்கள் என்றும் சொல்லும். பழைய கட்டுரைகளில் பிளாக் டம்ப் என்று ஒன்றைப் பரிந்துரைத்திருப்பார்கள், புதிய கர்னல்களில் அதை எடுத்துவிட்டார்கள்.

செக்டர் நம்பர் மட்டும் தருது. எந்த ஃபைல்னு சொல்லாதா?

சொல்லாது, நாம்தான் கணக்குப் போட வேண்டும். முழுக் கார்டைக் கவனித்தால் வரும் செக்டர் கார்டின் தொடக்கத்திலிருந்து எண்ணியது. அதிலிருந்து பார்ட்டிஷன் தொடங்கும் செக்டரைக் கழித்து, 4 கேபி பிளாக் என்றால் 8 ஆல் வகுங்கள். செக்டர் 10,64,960, பார்ட்டிஷன் தொடக்கம் 8,192 என்றால் பிளாக் எண் 1,32,096. எக்ஸ்ட்4 என்றால் அதோடு வரும் டீபக்எஃப்எஸ் கருவியில் ஐசெக் கட்டளைக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் ஐநோடு (கோப்பின் உள் எண்) வரும், என்செக்கில் ஐநோடைக் கொடுத்தால் கோப்பின் பெயர் வரும். மவுன்ட் செய்யப்படும் டீபக்எஃப்எஸ் வேறு, இந்தக் கருவி வேறு. ஐநோடு 8 வந்தால் அது ஜர்னல், தேட வேண்டாம்.

லிங்க் ரொம்ப ஸ்லோ. அந்தத் தாமதமும் நேரக் கணக்குல சேருமா?

சேராது. நேரம் பெட்டியின் கர்னலுக்குள்ளேயே முத்திரை குத்தப்படுகிறது, நானோசெகண்ட் அளவில், ட்ரேஸ் தொடங்கியதிலிருந்து எண்ணி. வலையில் அரை விநாடி தாமதமானாலும் டி, சி இடைவெளி மாறாது. மெதுவான லிங்கின் தீங்கு வேறு: நிகழ்வுகள் விழுவது, 64 எம்பி கேள்வியில் சொன்னது.

லைன் அறுந்து போச்சு. திரும்ப ஓட்டினா "டிவைஸ் பிஸி"ன்னு சொல்லுது.

அறுந்த இணைப்பை அது தானே திரும்பப் பிடிக்காது. ஒழுங்காக முடியாமல் செத்துப்போனால் கர்னல் பக்கத்தில் ட்ரேஸ் இன்னும் உயிரோடு இருக்கும். டி ஆப்ஷனில் கார்டின் பெயரும் கே ஆப்ஷனும் கொடுத்து ஒரு தடவை ஓட்டுங்கள், பழையது கொல்லப்படும். பெட்டியை ரீபூட் செய்யாதீர்கள், கே போதும்.

எங்க பெட்டியில நாண்ட் ஃப்ளாஷ் நேரா போர்டுல இருக்கு. ட்ரேஸ்ல ஒன்னுமே வரல.

வராது. யூபிஐஎஃப்எஸ், ஜேஎஃப்எஃப்எஸ்2 போன்ற கோப்பமைப்புகள் எம்டிடி என்ற ஃப்ளாஷ் அடுக்கில் நேராக நாண்டோடு பேசுகின்றன, பிளாக் அடுக்கைத் தொடுவதே இல்லை. பிளாக்ட்ரேஸுக்கு அங்கே கண் கிடையாது. இஎம்எம்சி (போர்டிலேயே ஒட்டிய, தனக்கென்று கன்ட்ரோலர் உள்ள ஃப்ளாஷ்), எஸ்டி கார்டு, யூஎஸ்பி, சாட்டா எல்லாம் பிளாக் சாதனங்கள், அவற்றுக்குத்தான் இது. நாண்ட் பெட்டியில் ப்ராக் ஐஓ கணக்கையும் எஃப்ஏட்ரேஸையும் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்.

இதை வெச்சு கார்டு இன்னும் எத்தனை மாசம் தாங்கும்னு சொல்லிடலாமா?

முழுதாகச் சொல்ல முடியாது. ட்ரேஸில் தெரிவது நாம் அனுப்பியது. கார்டு உள்ளே தன் பங்குக்கு எவ்வளவு திரும்ப எழுதுகிறது என்பது அதன் கன்ட்ரோலருக்கு மட்டும் தெரியும். சின்னச் சின்னதாக, சிதறலாக எழுதினால் உள்ளே நடப்பது பல மடங்கு. ட்ரேஸில் 4 கேபி எழுத்துகள் வரிசையாக ஓடினால் மொத்த எம்பி குறைவாக இருந்தாலும் நிம்மதியாக இருக்காதீர்கள்.

இஎம்எம்சி 5.0 முதல் சாதனமே தன் தேய்மானத்தைச் சொல்லும். சிஸ் அடைவில் அந்தச் சாதனத்துக்குள் லைஃப் டைம் என்ற கோப்பில் பதினாறடிமான எண்ணாக வரும். 1 என்றால் 10 சதவீதம் வரை, ஏறி ஏறி, பத்தைக் குறிக்கும் ஏ வந்தால் கடைசிப் பத்து. சாதாரண எஸ்டி கார்டில் இப்படிப் பொதுவான ஏற்பாடு இல்லை. அதனால்தான் புது வேலைக்கு இஎம்எம்சி போர்டு வாங்குங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், விலை வித்தியாசம் ஒரு தடவை அப்பிங்டன் போய்வரும் பெட்ரோலுக்கு வராது.

லோட் ஷெடிங் (முறை வெச்சு வர்ற மின்வெட்டு) நேரத்துலதான் கார்டு சாகுது. ட்ரேஸ்ல அது தெரியுமா?

செத்த நொடி தெரியாது. கரண்ட் போகும்போது கர்னல் கிடங்கில் இருந்த கடைசிப் பகுதியும் பெட்டியோடு போய்விடும். 2024 மார்ச் கடைசியிலிருந்து லோட் ஷெடிங் நீண்ட காலம் நின்றிருந்தது உண்மைதான். ஆனால் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் கோளாறும் எந்த அட்டவணையும் பார்ப்பதில்லை, பெட்டி திடீர் மரணத்துக்குத் தயாராகத்தான் இருக்க வேண்டும்.

முன்கூட்டியே பார்க்கலாம். சாதாரண நாளில் பத்து நிமிடம் எடுத்து, எழுத்துக்குப் பின் எஃப் வகை கோரிக்கை வருகிறதா என்று பாருங்கள். வரவே இல்லையென்றால், ஒன்று, எழுதுவதைத் தேக்கிவைக்கும் கேஷ் இருப்பதாகக் கார்டு சொல்லவில்லை, அப்போது கர்னல் ஃப்ளஷ் அனுப்பாது. அல்லது மவுன்ட் விருப்பங்களில் யாரோ வேகத்துக்காகப் பேரியரை (எழுத்து வரிசையைக் காக்கும் ஏற்பாட்டை) அணைத்து வைத்திருக்கலாம். அணைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். ஆழமாகச் சோதிக்க வேண்டுமென்றால் டிஎம் லாக் ரைட்ஸ் என்ற கர்னல் ஏற்பாடு, எழுதியதையெல்லாம் பதிந்துவைத்து எந்தப் புள்ளியில் அறுந்தால் கோப்பமைப்பு எப்படி இருக்கும் என்று திரும்ப ஓட்டிப் பார்க்க உதவும். அது மேசையில் வைத்துச் செய்யும் வேலை, கரூ என்ற வறண்ட நிலத்துப் பண்ணையில் ஓடும் பெட்டியில் அல்ல.

வாடிக்கையாளர் கேட்கிறார்: அவங்க தகவல் வெளியே போகுதா? பாப்பியா சட்டம் இருக்கே.

கோப்பின் உள்ளடக்கம் போகாது. செக்டர் எண், நீளம், நேரம், புரோகிராம் எண், பெயர் இவ்வளவுதான். 2021 ஜூலை 1 முதல் முழுதாக அமலில் இருக்கும் பாப்பியா தனிநபர் தகவலைப் பற்றியது, இந்த எண்கள் அந்த வகையில் வருவது அரிது. புரோகிராம் பெயரிலேயே ஆள் பெயர் வைத்திருந்தால் அது உங்கள் பாடு. ஆனாலும் எழுத்தில் ஒரு வரி அனுமதி வாங்கிக்கொண்டு, மேலே சொன்ன வயர்கார்டுக்குள் அனுப்புங்கள். எஃப்ஏட்ரேஸ் கோப்புப் பெயர்களைக் காட்டும், அதற்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ட்ரேஸ்-சிஎம்டியும் வலையில அனுப்புமே, அதைப் பயன்படுத்தினா என்ன?

தாராளமாக. கர்னல் நிகழ்வுகளைப் பதியும் ஸ்டீவன் ரோஸ்டெட்டின் கருவியான ட்ரேஸ்-சிஎம்டியிலும் ஒரு பக்கம் லிசன், மறுபக்கம் ரெக்கார்ட் என்ற ஏற்பாடு உண்டு. பிளாக் நிகழ்வுகளோடு எக்ஸ்ட்4, ஷெட்யூலர் நிகழ்வுகளையும் ஒரே கோட்டில் பார்க்கலாம். கேவொர்க்கருக்குப் பின்னால் யார் என்ற கேள்விக்கு அது இன்னும் நல்ல பதில் தரும். ஆனால் இயல்பாகத் தரவை யூடிபியில் அனுப்பும் (வழியில் தொலைந்ததைத் திரும்ப அனுப்பாது), மொபைல் லிங்கில் டிசிபி ஆப்ஷனைப் போட மறக்காதீர்கள். கர்னலுக்குள்ளேயே சிறு புரோகிராம் ஓட்டிப் பார்க்கும் இபிபிஎஃப் கருவிகள் அருமை, 64 எம்பி பெட்டியில் அவற்றுக்கு இடமில்லை.

எங்களது பழைய மிப்ஸ் போர்டு, பிக் எண்டியன். லேப்டாப்ல படிக்க முடியுமா?

முடியும். பிக் எண்டியன் என்றால் பைட் வரிசை லேப்டாப்புக்கு நேர் எதிர். ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஒரு மந்திர எண் இருக்கிறது. அது தலைகீழாக வந்தால் பிளாக்பார்ஸ் புரிந்துகொண்டு தானே திருப்பிப் படிக்கும்.